தர்மப்ப கௌடர் போட்ட வெந்நீர்

பழுதான பொருளைக் கண்டால் தர்மப்ப கௌடருக்குப் பசி எடுத்ததுபோல் ஆகிவிடும். தண்ணீர் மோட்டார் நின்றுபோச்சு என்று யாராவது முற்றத்தில் வந்து நின்றால் போதும், தட்டில் விழுந்த அரிசிமாவு அக்கி ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார். கொப்பா என்ற மலையூருக்கு மேலே, கமுகுத் தோட்டங்களுக்கு நடுவே கூப்பிடு தூரத்துக்கு ஒன்றாக நிற்கிற வீடுகளில் அவர் கைபடாத இயந்திரம் கிடையாது. பாக்கு உரிக்கிற மெஷின், மருந்து தெளிக்கிற பம்பு, ரேடியோ, கோயில் மணியின் நாக்கு, எல்லாம் அவரிடம் வந்து போனவைதான்.

"நல்லவேளை, எனக்கு ஸ்குரு வைக்காம சாமி படைச்சார். இல்லேன்னா என்னையும் ஒரு நாள் கழட்டிப் பார்த்திருப்பார்" என்பாள் அவர் மனைவி ஜலஜா.

கௌடருக்குப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு முடிந்தது. மரமேறிக்கொண்டிருந்த அப்பா ஒரு மழைக்காலத்தில் கீழே விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தார். அவரைத் தூக்கி உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்ததோ அம்மாவும் அக்கா கங்கம்மாவும் இந்தப் பையனும்தான். பையன் உத்தரத்தில் ஒரு கப்பியை மாட்டி, கோணிப்பட்டையில் ஒரு தூளி தைத்து, ஒற்றைக் கையால் கயிற்றை இழுத்து அப்பாவை உட்காரவைத்தான். முதுகில் புண் வராமல் அந்த மனிதர் பல வருஷம் இருந்தார் என்றால் அந்தக் கப்பிக்குத்தான் அந்தப் பெருமை. அதுதான் தர்மப்பாவின் முதல் வேலை. அதற்குப் பிறகு மலை ஊற்றிலிருந்து வீட்டுக்குக் குழாய் இழுத்தார், வீட்டுக்கு ஒயர் இழுத்தார், ஓடு மாற்றினார். எதுவும் கவிழவில்லை. ஃபிட்டர் என்று ஒருவன் அவர் வீட்டுப் படி ஏறியதே கிடையாது. அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு சுகம்.

இப்படிப்பட்டவருக்கு ஆடி மழையில் பேரன் பிறந்தான்.

மகள் ரக்ஷிதா ஷிவமொக்காவில் பிள்ளை பெற்று, கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்து இறங்கினாள். ஜீப் நிற்பதற்குள் வீடே வாசலுக்கு ஓடியது. ஆரத்தித் தட்டில் மழைத்துளி விழுந்து தெறித்தது. பிள்ளை பெற்றவளைக் கவனிக்கிற பொறுப்பு முழுவதையும், யாரும் கேட்காமலே, கங்கம்மா எடுத்துக்கொண்டாள். பூண்டு எவ்வளவு, மிளகு எவ்வளவு, தண்ணீர் எத்தனை மிடறு என்பதெல்லாம் இனி அவள் வாக்கு. எல்லாவற்றுக்கும் மேலே குளியல்.

பச்சை உடம்புக்காரி குளியல் என்றால் சும்மா இல்லை. உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து, மணையில் உட்காரவைத்து, தொட்டால் கை சிவக்கிற வெந்நீரை முதுகிலும் வயிற்றிலும் சொம்பு சொம்பாக விசிறி அடிக்க வேண்டும். அண்டா அண்டாவாகத் தண்ணீர் ஓடும். அது முடிந்ததும் காதில் பஞ்சு, தலையில் துணி, சாம்பிராணிப் புகை, கம்பளி. உடனே தூக்கம் அடித்துப் போட வேண்டும். தூக்கம் வந்தால்தான் குளியல் பலித்தது என்று அர்த்தம். இந்த வேலைக்கென்றே துங்கக்கா இருந்தாள். ஆற்றின் பெயர் வைத்த அந்தப் பொம்பளைக்கு ஆற்றைப் போலவே பலமும் சத்தமும். பிள்ளையைக் கால்மேல் போட்டு ஊற்றினாளென்றால் அது போடுகிற கூச்சல் பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கும்.

அவ்வளவு வெந்நீருக்கு விறகு வேண்டும். விறகோ ஈரம். குளியலறை மூலையில் செங்கல் கட்டி வைத்த பெரிய செம்பு அண்டாவுக்கு வெளியிலிருந்து தீ மூட்ட வேண்டும்; அடுப்பு எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். ஊதி ஊதி ஜலஜாவின் கண் சிவந்து வீங்கியது. குளிக்கப்போன ரக்ஷிதா இருமிக்கொண்டே வந்தாள்.

"போதும்" என்றார் தர்மப்பா. "கேஸ் கீசர் போடறோம். குழாயைத் திருப்பினா வெந்நீர்!"

மத்தியானமே கொப்பாவுக்குப் போய்ப் பெட்டியோடு வந்துவிட்டார். கடைக்காரர் அனுப்பும்போது சொன்னதை அவரே நடித்துக் காட்டினார்: "'ஃபிட்டர் அடுத்த வாரம்தான் வருவார் கௌட்ரே, அதுவரைக்கும் பெட்டியைப் பிரிக்காதீங்க'ங்கறான். பிரிக்காம வைச்சிருந்தா எனக்கு எப்படிடா தூக்கம் வரும்னு கேட்டேன்!"

பெட்டி பிரிந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு பெட்டி, குழாய்கள், திருகாணிப் பொட்டலம், கடைசியில் முழங்கை மாதிரி வளைந்த ஒரு தகரக் குழாய்.

"இது எதுக்கு?" என்றாள் ஜலஜா.

"புகை வெளியே போக."

"மாட்டலையா?"

"புகை இருந்தாத்தானே மாட்ட? விறகா எரியுது? உன் அடுப்படியில கேஸ் எரியுதே, என்னிக்காவது புகைஞ்சிருக்கா?"

ஜலஜாவுக்கு அது சரியாகத்தான் பட்டது. வாழ்க்கை முழுக்கப் புகையோடு போராடியவள் அவள். புகை என்றால் கண்ணைக் கரிக்க வேண்டும், சுவரைக் கறுப்பாக்க வேண்டும். கண் கரிக்காத எதையும் அந்த வீட்டில் யாரும் புகை என்று சொன்னதில்லை. தகரக் குழாய் பரணுக்குப் போனது.

கௌடரின் வேலையில் குறை சொல்ல முடியாது. கேஸ் பயங்கரமானது என்று அவருக்குத் தெரியும். அதனால் சிலிண்டரை உள்ளே வைக்காமல் சுவருக்கு வெளியே, சார்ப்புக்கடியில் நிறுத்தி, ஓட்டை போட்டு ரப்பர் குழாயை உள்ளே கொண்டுவந்தார். ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று மூக்கு தொடுகிற அளவு குனிந்து பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. உள்ளே வருகிற கேஸ் ஒரு மூச்சுகூடச் சிந்தாது. எரிந்த பிறகு அது என்னவாகிறது, எங்கே போகிறது என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

செம்பு அண்டா கழன்று தொழுவத்துக்குப் போனது. அடுப்பு வாயைச் சிமெண்டு பூசி அடைத்தார். அப்போதுதான் கங்கம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு குளியலறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"தர்மா, ஓட்டு இடுக்கெல்லாம் காத்து விசிலடிக்குது. பச்சை உடம்புல இந்தக் காத்து பட்டா ஜன்னி வந்துடும். நூல் நுழையற ஓட்டைகூட இருக்கக் கூடாது."

"நூல் என்னக்கா, எறும்பு மூச்சுகூட நுழையாது, பாரு!"

ஓட்டுக்கடியில் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். சுவர் உச்சியிலிருந்த புகைத்துவாரத்தில் கமுகம் பாளையை வைத்துச் சிமெண்டு அடித்தார். கதவுக்குக் கீழே இருந்த இடுக்கைக் கங்கம்மாவே கோணிச் சாக்கு திணித்து முடித்தாள். இருவரும் வெளியே வந்து, ஒரு கோட்டையைக் கட்டி முடித்தவர்கள்போல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

பிறகு கௌடர் குழாயைத் திருப்பினார். டிக் டிக் டிக். புஸ்! மயில் கழுத்து மாதிரி நீலமாகத் தீ குதித்து நின்றது. தண்ணீர் வெதுவெதுத்தது, சுட்டது, ஆவி பறந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று ஐம்பத்தெட்டு வயதுக்காரர் போட்ட சத்தத்தில் தொட்டிலில் பேரன் விழித்து அழுதான். தண்ணீரைத் தொட்டுப் பார்க்க அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் வந்தன. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஷாமண்ணா மட்டும் குடையை மடக்காமலே குளியலறைக்குள் நுழைந்து, விரலை நீட்டிச் சுட்டுக்கொண்டு, "ஐயோ!" என்று குதித்து, உடனே சொன்னார்: "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுடா மாராயா!"

அன்றைய குளியல் கொண்டாட்டம்தான். துங்கக்கா கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளிருந்தே கத்தினாள்: "கௌட்ரே, உங்க வீட்டுல கங்கையே வந்து இறங்கிட்டா!" ரக்ஷிதா சிவந்த முகத்தோடு வந்து படுத்தாள், படுத்தவள் அசையாமல் தூங்கினாள். கங்கம்மா எல்லோரையும் கூட்டிவந்து காட்டினாள். "பாருங்க, இதுதான் தூக்கம். விறகுத் தண்ணியில ஒரு நாளாவது இப்படித் தூங்கினாளா?"

துங்கக்கா மட்டும் போகும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டு போனாள். மழையில் நனைந்த தலைவலி என்றார்கள்.

மறுநாள் ரக்ஷிதா குளித்து வந்து வாந்தியெடுத்தாள். பூண்டு அதிகம் என்று கங்கம்மா பூண்டைக் குறைத்தாள். கீசருக்கு மேலே சுவரில் ஒரு கறுப்புத் திட்டு விழுந்திருந்தது. ஜலஜா அதைக் காட்டி, "முதல்ல நீலமா எரிஞ்சுது. துங்கக்கா குளிப்பாட்டி முடிக்கிறப்போ மஞ்சளா எரியுது" என்றாள். கௌடர் துணியால் துடைத்தார். "புதுசுல அப்படித்தான். உள்ளே பூசின எண்ணெய் எரியும்" என்றார். அவருக்கு அவசரம். ஷாமண்ணா வாங்கிவந்த பெட்டி அங்கே காத்துக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே ஓடையைத் தாண்டிப் போய், அங்கேயும் அதேபோல், அதே கச்சிதத்தோடு ஒன்றை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த நாள் சனிக்கிழமை.

மழை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு பெய்தது. ரக்ஷிதாவுக்குத் தலைக்குக் குளியல், அதனால் வழக்கத்தைவிட நேரம் கூடும். கௌடர் சார்ப்புக்கடியில், சிலிண்டருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக அதுதான் அவருக்கு ராஜாசனம். உள்ளே தன் இயந்திரம் இரைவதைக் கேட்டபடி காபி குடிப்பார்.

முதலில் குழந்தைக் குளியல் முடிந்தது. கதவு கொஞ்சமாகத் திறந்து, துணியில் சுற்றிய பேரன் ஜலஜாவின் கைக்கு வந்தான். கதவு மறுபடி தாழிட்டுக்கொண்டது. ஜலஜா துணியை விலக்கிப் பார்த்தபடியே நின்றாள்.

"என்ன நின்னுட்டே? உள்ளே கொண்டு போ, காத்து" என்றாள் கங்கம்மா.

"அக்கா, இவன் இன்னிக்கு அழவே இல்ல."

"பழகிட்டான். அடங்கிட்டான். நல்ல பிள்ளை."

"முந்தாநாள் ஊரையே கூட்டினான். இன்னிக்கு ஒரு முனகல்கூட இல்ல." ஜலஜா அவன் உள்ளங்காலைச் சுண்டினாள். கால் மெல்ல மடங்கியது, அவ்வளவுதான். "என்னங்க… இவனைப் பாருங்களேன்."

கௌடர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். பேரனைப் பார்க்கத் திரும்பியவர் பாதியில் நின்றார். காதுதான் அவரை நிறுத்தியது. முதல் நாள் சீராக இரைந்த பர்னர் இப்போது விட்டுவிட்டு, படபடவென்று, மேடேறி வந்த நோயாளியைப்போல இரைந்தது. டீசல் எஞ்சினில் காற்று போகிற வலையில் பஞ்சு அடைத்துக்கொண்டால் இந்தச் சத்தம்தான் வரும். எத்தனை எஞ்சினில் கேட்டிருக்கிறார்! காற்றுக்கு ஏங்குகிற சத்தம்.

கேட்க வேண்டிய இன்னொரு சத்தமும் கேட்கவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சொம்பு மொண்டு அடிக்கிற சத்தம் இல்லை.

"துங்கக்கா!"

தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

"ரக்ஷிதா! ஏய்! ரக்ஷி!"

கை தானாகச் சிலிண்டர் மேல் போய் ரெகுலேட்டரை மூடியது. மறு கை சார்ப்பில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்தது. அந்தத் தாழ்ப்பாளை மூன்று திருகாணி போட்டு முடுக்கியது அவரேதான். அதை அவரே பெயர்த்தார். கதவு உள்ளே விழுந்தது. சூடான ஆவி முகத்தில் அடித்தது. வாசனை ஒன்றும் இல்லை. சோப்பும் எண்ணெயும்தான் மணத்தன.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போ. துணியைப் போட்டு இழு!" என்றார். பேரனைக் கங்கம்மாவின் கையில் திணித்துவிட்டு ஜலஜா கம்பளியோடு உள்ளே பாய்ந்தாள்; அவர் பின்னாலேயே. ரக்ஷிதா சுவரில் சாய்ந்தபடி, தலை தொங்கிக் கிடந்தாள். துங்கக்கா நான்கு காலில் தவழ்ந்து கதவைத் தேடிக்கொண்டிருந்தாள்; கதவு எந்தப் பக்கம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. கணவனும் மனைவியும் மகளைக் கம்பளியில் உருட்டி, தோளுக்கொருவராக முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். திரும்பிப் போய்த் துங்கக்காவை. இரண்டு மூட்டை பாக்கின் கனம் அவள். எப்படி வந்தாள் என்று பிறகு யாருக்கும் ஞாபகமில்லை.

முற்றத்தில் மழை.

"என்னடா பண்றே பாவி!" கங்கம்மா பாய்ந்து வந்தாள். "பச்சை உடம்புக்காரியை மழையில போடறியா? உள்ளே கொண்டு வா! கதவைச் சாத்து! முகத்தைப் பாரு, செக்கச்செவேல்னு இருக்கு. ஒண்ணுமில்ல, குளிச்ச அசதி. சாம்பிராணி போட்டுக் கம்பளியைப் போர்த்தினா எழுந்துடுவா!"

அவள் ரக்ஷிதாவின் கையைப் பிடித்து இழுத்தாள். வாழ்நாளில் அக்காவின் சொல்லைத் தட்டாத தர்மப்பா அந்தக் கையைப் பிடித்து விலக்கினார்.

"காத்து வேணும்க்கா! காத்துதான் வேணும்! நீயும் நானும் சேர்ந்து காத்தை அடைச்சோம். உள்ளே அந்தத் தீக்கே மூச்சு முட்டிப்போச்சு, மனுஷிக்கு முட்டாதா? குழந்தையையும் வெளியே கொண்டு வா!"

"ஜன்னி வரும்டா!"

"வரட்டும்! ஜன்னி வர்றதுக்கு உயிர் இருக்கணுமே!"

உள்ளே கிடத்திவிட்டு வந்த பேரனை எடுக்கக் கங்கம்மா ஓடினாள். ஜலஜா மகளை ஒருக்களித்துத் திருப்பி, வாயில் வழிந்ததை விரலால் வழித்துவிட்டு, தலைக்கு மேலே குடையைப் பிடித்தாள். மூச்சு இருந்தது. மார்பு ஏறுவதை அவள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கங்கம்மா பேரனை மார்போடு அணைத்து, மழை படாமல், காற்று மட்டும் படுகிற சார்ப்பு ஓரத்தில் வந்து நின்றாள். முகத்தில் சிலுசிலுவென்று மலைக்காற்று அடித்தது. பிள்ளை மூக்கைச் சுருக்கினான். உதடு கோணியது.

பிறகு கத்தினான்! பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கிற கத்தல்.

"அழு! அழுடா என் ராஜா! இன்னும் அழு!" என்று கங்கம்மா கூடவே அழுதாள். துங்கக்கா சேற்றில் குப்புறக் கிடந்தபடியே, "பிள்ளை… நல்லா… கத்தறான்" என்று முனகினாள்.

ஜீப்பில் மூவரையும் ஏற்றி, மழை உள்ளே அடிக்கட்டும் என்று இரண்டு பக்கத் திரையையும் சுருட்டிக் கட்டிவிட்டுக் கௌடர் ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் திரும்பாமலே கேட்டார்: "மூச்சு இருக்கா?" ஒவ்வொரு வளைவிலும் ஜலஜா, "இருக்கு. ரோட்டைப் பாருங்க" என்றாள்.

கொப்பா ஆஸ்பத்திரியில் ரக்ஷிதாவுக்கும் துங்கக்காவுக்கும் பிள்ளைக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. கோபப்படவில்லை, வேகமாகக் கேட்டாள். கீசர் எங்கே இருக்கிறது, ஜன்னல் உண்டா, புகைக்குழாய் மாட்டினீர்களா. கௌடர் ஒன்றைக்கூட மறைக்கவில்லை. தார்ப்பாய், பாளை, சிமெண்டு, சாக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

"அடைச்ச ரூம்ல தீ எரிஞ்சா ஒரு விஷக்காத்து வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணும் கரிக்காது. ஆளைத் தூங்கவைச்சே கொண்டுபோயிடும்" என்றாள் அவள்.

"மக நல்லாத் தூங்கறான்னு சந்தோஷப்பட்டோம்மா" என்றாள் ஜலஜா. குரல் உடையவில்லை. முந்தானையை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து ரக்ஷிதா கண் திறந்தாள். முகமூடிக்குள்ளிருந்து ஏதோ கேட்டாள். ஜலஜா காதைக் கொடுத்துக் கேட்டு, "இருக்கான், இருக்கான். நர்ஸம்மா மேல மூத்திரம் அடிச்சுட்டான்" என்றாள். ரக்ஷிதாவின் கண் சிரித்தது. கௌடர் சுவரோரம் போய், திரும்பி நின்று, மூக்கைச் சிந்தினார். துங்கக்கா தன் முகமூடியைத் தூக்கிவிட்டு, "கௌட்ரே, அடுத்த பிள்ளைக்கு நான் ஆத்தங்கரையிலதான் குளிப்பாட்டுவேன்" என்றாள். நர்ஸ் ஓடிவந்து முகமூடியை இழுத்து மூடினாள்.

டாக்டரம்மா போகிற போக்கில் கேட்டாள்: "அந்தக் கீசர்ல வேற யாராவது குளிச்சாங்களா?"

"இல்லம்மா. இவங்களுக்குன்னுதான் போட்டது. அது ஒண்ணே ஒண்ணு…"

சொல்லி முடிக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிற்று.

"ஷாமண்ணா மாமா!"

ஜலஜாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. இன்று சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்துத் திறப்பு விழா நடத்தப்போகிறேன் என்று ஷாமண்ணா ஓடைக்கரை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். தோட்டத்து வேலை முடித்து அவர் குளிக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

போன் போட்டார்கள். மழையில் டவர் போய்விட்டிருந்தது. எத்தனை முறை போட்டாலும் அதே பெண் குரல்.

"போங்க! நான் இருக்கேன் இங்க, போங்க!" என்று ஜலஜா அவரைத் தள்ளிவிட்டாள்.

ஜீப் அந்த மலைச்சாலையில் அப்படி ஏறியதை அதற்கு முன்னும் யாரும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தன் கை ஒவ்வொரு மூட்டையும் எப்படி முடுக்கியது என்பது அவர் கண்முன் வந்துகொண்டே இருந்தது. தன் வீட்டைவிட அங்கே இன்னும் நன்றாகச் செய்திருந்தார். அங்கே மேலே கான்கிரீட் போட்ட குளியலறை. ஓடுகூட இல்லை. இருந்த ஒரு ஜன்னலுக்கும், மாமாவுக்கு ஆஸ்துமா ஆயிற்றே என்று, அவரே பலகை அடித்துக் கொடுத்திருந்தார்.

ஓடைக்கு இந்தப் பக்கமே ஜீப் நின்றுவிடும். அங்கிருந்து கமுகந்தண்டுப் பாலம். கீழே தண்ணீர் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். தோட்டச் சேற்றில் விழுந்தார், எழுந்தார், அட்டை ஏறியது, ஓடினார்.

ஷாமண்ணாவின் மனைவி குசுமம்மா வாசலில் உட்கார்ந்து மூங்கில் குருத்து நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன தர்மா இது கோலம்? குழந்தை நல்லா…"

"மாமா எங்கே?"

"உள்ளதான். திறப்பு விழா! போய் எவ்வளவோ நேரமாச்சு. இவ்வளவு நேரம் பாட்டு வேற. இப்பத்தான் சத்தம் அடங்கிச்சு."

கௌடர் வீட்டைச் சுற்றி ஓடி, வெளியே நின்ற சிலிண்டரை மூடினார். பலகை அடித்த ஜன்னலைப் பார்த்தார். கையில் கருவி இல்லை. சுவரோரம் கிடந்த உலக்கையை எடுத்து ஒரே குத்து. பலகை உள்ளே போய் விழுந்தது.

கௌடர் அந்தத் திறப்பில் காதை வைத்தார்.

"எவன்டா அவன்!" என்று உள்ளேயிருந்து ஒரு முழக்கம் வந்தது. "தண்ணி சில்லுனு வருது! மேலே பலகை வந்து விழுது! எவன்டா!"

அந்த வசவைப்போல இனிமையான ஒன்றைத் தர்மப்ப கௌடர் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. "மாமா! வெளியே வாங்க! அப்படியே வாங்க!"

"அப்படியேன்னா எப்படிடா? இடுப்புல ஒண்ணும் இல்ல!"

"இல்லாட்டி பரவாயில்ல!"

கதவு திறந்தது. தலையிலிருந்து கால்வரை எண்ணெயும் சீயக்காயுமாக, ஒரு துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு எழுபது வயது ஷாமண்ணா வெளியே வந்தார். இரண்டு எட்டு வைத்ததும் கால் பின்னியது. கௌடர் பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, எண்ணெயில் வழுக்கி வழுக்கி, அவரை வாசல் காற்றுக்குக் கொண்டுவந்து கல்லில் உட்காரவைத்தார்.

"தலை கிர்ருங்குது" என்றார் ஷாமண்ணா. "எண்ணெய்க் குளியல்னா அப்படித்தான்."

"இது அது இல்ல மாமா." மூச்சு வாங்க, ரக்ஷிதாவையும் பிள்ளையையும் துங்கக்காவையும் பற்றிச் சொன்னார். நறுக்கிய மூங்கில் குருத்து குசுமம்மாவின் கையிலேயே நின்றது.

"எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க அத்தை. ரக்ஷி கண்ணைத் திறந்து பேசிட்டா."

ஷாமண்ணா ஆழமாக மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். மெல்ல அவருக்குத் தலை நின்றது. தலை நின்றதும் கோபம் வந்தது. "நேத்து நீயே வந்து மாட்டறே. இன்னிக்கு நீயே வந்து உடைக்கறே. நான் பாதிச் சீயக்காயோட உட்கார்ந்திருக்கேன். என்னை என்னடா பண்றதா உத்தேசம்?"

"ஃபிட்டர் வரட்டும் மாமா. பெட்டியை வெளிச்சுவர்ல மாட்டி, புகைக்குழாய் வைச்சு, அவர் சொல்ற மாதிரி போடட்டும். நான் தொடமாட்டேன்."

"அதுவரைக்கும் இந்தச் சீயக்காய்?"

குசுமம்மா உலக்கையைப் பிடுங்கிச் சுவரோரம் வைத்தாள். "மாட்டுக்குப் புண்ணாக்கு கரைக்க வெந்நீர் வைச்சிருக்கேன். தொழுவத்துல இருக்கு. தூக்கிட்டு வா. மாடு காத்திருக்கும், இவரால முடியாது."

கௌடர் அண்டாவைத் தூக்கிவந்தார். மழை கொஞ்சம் விட்டிருந்தது. திறந்த வாசலில், காற்று நாலு பக்கமும் வீச, மொண்டு மொண்டு மாமாவின் தலையில் ஊற்றினார். ஒவ்வொரு சொம்புக்கும் குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"மாமா, தலை சுத்துதா?"

"இல்ல."

இன்னொரு சொம்பு. "இப்போ?"

"இல்லடா."

"வாந்தி வர்ற மாதிரி?"

"உன் பேச்சைக் கேட்டாத்தான் வருது. காதுக்குப் பின்னாடி சீயக்காய் இருக்கு. பேசாம ஊத்து!"